சின்ன ஊரில் மாதாந்திர ஓப்பன் மைக்: ஹால், மைக் செட், பெயர்ப் பட்டியல், அனுமதி

கரிசல்மண் எழுதியது:

வணக்கம். கோவில்பட்டியில் மாதம் ஒரு ஞாயிறு மாலை ஓப்பன் மைக் தொடங்கப் போகிறோம். கவிதை, பாட்டு, கதை சொல்லல், நகைச்சுவை என எதுவானாலும் சரி, வந்து பெயர் கொடுத்தவர் மேடையேறலாம். சென்னையில் கஃபேக்களில் நடப்பதை அப்படியே கொண்டுவந்தால் இங்கே ஒட்டாது என்று தெரிகிறது. அதனால்தான் அனுபவம் உள்ளவர்களிடம் கேட்கிறேன்.

கையில் இருப்பது இவ்வளவுதான்: ஒரு கடையின் மாடியில் 30க்கு 20 அடி ஹால். கான்கிரீட் கூரை, உயரம் பத்தரை அடி. தரையில் டைல்ஸ், சுவரில் வெறும் பெயிண்ட். நான்கு சீலிங் ஃபேன், 50 பிளாஸ்டிக் சேர். முதலீடு 25,000 ரூபாய், பிறகு மாதம் 2,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும். நுழைவுக் கட்டணம் கிடையாது.

மைக் செட்டை வாடகைக்கு எடுப்பதா, வாங்குவதா? வாங்கினால் என்னென்ன? ஒருவருக்கு எத்தனை நிமிடம், மொத்தம் எத்தனை பேர்? காவல் நிலையத்தில் அனுமதி வேண்டுமா, சினிமாப் பாட்டு பாடினால் உரிமைச் சிக்கல் வருமா? பல ஊர்களில் இது மூன்றாவது நான்காவது மாதத்தோடு நின்றுபோகிறதே, எதனால்?

சவுண்டுசர்வீஸ் எழுதியது:

முதல்ல ஹாலைச் சரி பண்ணுங்க, மைக் அப்புறம். ஹால் நடுவுல நின்னு ஒரு தடவை பலமா கை தட்டுங்க. தட்டி முடிஞ்ச பிறகும் 'ட்ர்ர்'னு ஒரு நடுக்கம் கேட்டா, எதிரெதிர் சுவர் ரெண்டும் சத்தத்தை மாத்தி மாத்தித் திருப்பி விடுதுன்னு அர்த்தம். டைல்ஸும் வெறுஞ்சுவரும் இருக்கிற ஹால்ல இது கட்டாயம் கேட்கும். இந்த நடுக்கத்தோட எவ்வளவு விலை உயர்ந்த மைக் வச்சாலும் கவிதையில பாதிச் சொல் புரியாது.

இதுக்கு செலவு அதிகமில்லை. தரையில ஜமுக்காளம் விரிங்க. ஸ்பீக்கர் எந்தச் சுவரைப் பார்த்து நிக்குதோ அந்தப் பின்சுவர்ல கனமான துணியைச் சுருக்கம் சுருக்கமா தொங்க விடுங்க. இறுக்கிக் கட்டின துணியால பிரயோஜனம் கம்மி. சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி, மடிப்பு மடிப்பா இருந்தாத்தான் சத்தத்தை வாங்கிக்கும். ஆட்கள் உட்கார்ந்ததும் ஹால் இன்னும் அடங்கும். அதனால காலி ஹால்ல செக் பண்ணும்போது கொஞ்சம் எதிரொலி இருந்தா பயப்பட வேண்டாம்.

வாடகையா, வாங்குறதான்னா: முதல் மூணு மாசம் ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபையரையும் வாடகைக்கு எடுங்க. மைக், கேபிள், ஸ்டாண்ட் மூணையும் முதல் நாளே சொந்தமா வாங்கிடுங்க. வாடகை செட்டுல ஸ்பீக்கர் எப்படியும் உருப்படியா இருக்கும். மைக்கும் ஒயரும்தான் கல்யாணம், காதுகுத்து, கொடைன்னு அடிபட்டு அலுத்துப் போயிருக்கும். பாதி நிகழ்ச்சி கெடுறது இந்த ரெண்டாலதான்.

வாங்க வேண்டியது:

டைனமிக் (தனியா கரன்ட் வேண்டாத வகை), கார்டியாய்டு (முன்பக்கச் சத்தத்தை மட்டும் நல்லா வாங்குற வகை), ஒயர் மைக் 2. கண்டென்சர் மைக் வேண்டாம். அதுக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர், அதாவது மிக்ஸர்ல இருந்து கேபிள் வழியா போற கரன்ட் வேணும், அதோட ஃபேன் சத்தம், தெருச் சத்தம் எல்லாத்தையும் சேர்த்து இழுக்கும். ஷூர் எஸ்எம்58 எல்லாருக்கும் தெரிஞ்ச பேர், 1966ல இருந்து வருது, கீழ விழுந்தாலும் தாங்கும். ஆனா அதே பேர்ல போலி ஏகப்பட்டது உலவுது. விலை சந்தேகப்படுற அளவுக்குக் கம்மியா இருந்தா வாங்காதீங்க. பட்ஜெட் இடிச்சா பெஹ்ரிங்கர் எக்ஸ்எம்8500 பேச்சுக்கும் பாட்டுக்கும் போதும். மலிவான கார்டுலெஸ் செட் பக்கமே போக வேண்டாம். பாட்டரி இறங்கும்போது சொல்லாம கொள்ளாம நின்னுடும்.

ரெண்டு பக்கமும் எக்ஸ்எல்ஆர் (மூணு முள் உள்ள மைக் பின்) உள்ள கேபிள் 10 மீட்டர்ல 2, உபரியா 5 மீட்டர்ல 1. ஒரு பக்கம் எக்ஸ்எல்ஆர், மறுபக்கம் கால் அங்குல பின்னுன்னு வர்ற சாதா கேபிள் நீளம் கூடக் கூட உறுமல் எடுக்கும். கேபிளை முழங்கையில சுத்தி முறுக்காதீங்க. பின் கிட்ட சால்டர் விட்டுப்போறதுக்கு அதுதான் காரணம். ஒரு சுற்று நேரா, அடுத்த சுற்று உள்பக்கமா மடிச்சுப் போட்டா ஒயர் முறுக்காம விரியும்.

வட்டமான கனத்த அடித்தளம் உள்ள ஸ்டாண்ட் 1, மூணு கால் பூம் ஸ்டாண்ட் (மேல குறுக்குக் கை உள்ளது) 1. மைக் தலைக்கு ஃபோம் உறை 4: ஒவ்வொருத்தரும் பாடின பிறகு ஈரம் ஊறும், இடைவேளையில மாத்திடலாம்.

4 அல்லது 6 சேனல் சின்ன மிக்ஸர் (ஒவ்வொரு மைக்கோட சத்தத்தையும் தனித்தனியா கூட்டிக் குறைக்கிற பெட்டி) 1. அதுல லோ கட் (அடிச் சத்தத்தை வெட்டுற) பொத்தானும், டிரெபிள்-மிட்-பேஸ் மூணும் தனித்தனியா இருக்கணும்.

ஸ்பீக்கர் வாங்குற காலம் வரும்போது 50 பேருக்கு 10 அல்லது 12 அங்குல பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கிறது) ஒண்ணே போதும். ரெண்டாவது தேவைன்னா பின்னாடி வாங்கிக்கலாம்.

இப்ப முக்கியமான விஷயம், மைக் கூவுறது. மைக் வாங்கின சத்தம் ஸ்பீக்கர் வழியா வெளிய வந்து, திரும்ப மைக்குக்குள்ளயே போய்ச் சுத்துறதாலதான் கூவுது. கார்டியாய்டு மைக்குக்குப் பின்பக்கம்தான் காது மந்தம். அதனால ஸ்பீக்கர், மைக்கை விட 4, 5 அடி முன்னால, பக்கவாட்டுல, கூட்டத்தைப் பார்த்து நிக்கணும். உட்கார்ந்திருக்கிறவங்க தலைக்கு மேல சத்தம் போற மாதிரி ஸ்பீக்கரை 6 அடி உயரத்துல ஏத்துங்க. தரையில வச்சா முதல் வரிசைக்குக் காது அடைக்கும், கடைசி வரிசைக்கு ஒண்ணும் கேட்காது. கேட்கலைன்னு வால்யூமை ஏத்துவீங்க, கூவ ஆரம்பிக்கும்.

செட்டிங் பண்ற வரிசை: எல்லாத்தையும் பூஜ்யத்துல வச்சுட்டு, மாஸ்டரை (மொத்த வால்யூம்) பாதிக்கு ஏத்துங்க. ஒருத்தரை மைக்குல நாலு விரல் தூரத்துல முழுக் குரல்ல பேசச் சொல்லுங்க. அந்த சேனலோட கெயினை (மைக் சத்தம் மிக்ஸருக்குள்ள வர்ற அளவு) மெதுவா ஏத்தி, சிவப்பு விளக்கு எட்டிப்பார்க்கிற இடத்துல இருந்து கொஞ்சம் கீழ இறக்குங்க. லோ கட் பொத்தானைப் போடுங்க, ஸ்டாண்ட்ல இடிக்கிற 'தொம்' சத்தம் போயிடும். அடுத்து, யாரும் பேசாதப்ப மாஸ்டரை வேணும்னே ஏத்திக் கூவ விடுங்க. அடியில 'ஊ'ன்னு உறுமினா பேஸைக் குறைங்க, காதைக் குத்துற 'கீ'ன்னா டிரெபிளைக் குறைங்க, நடுவுல இருந்தா மிட். அடங்கினதும் இன்னும் கொஞ்சம் ஏத்தி, ரெண்டாவதா கூவுறதையும் பிடிங்க. ரெண்டு முறை போதும். மூணாவது முறை வெட்டினா குரலே சப்புன்னு ஆயிடும். முடிச்சதும் மாஸ்டரைக் கூவின அளவை விட நல்லா கீழ இறக்கி, அங்கே ஒரு டேப் ஒட்டிக் கோடு போட்டுடுங்க. நிகழ்ச்சி முடியுற வரை அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.

வாடகை செட்டுக்காரங்க பழக்கத்துல எக்கோவைத் திருப்பி வைப்பாங்க. பேச்சு, கவிதைக்கு அது பூஜ்யத்துல இருக்கணும். பாடுறவங்க கேட்டா மட்டும் கொஞ்சம்.

மேடையேறுறவங்களுக்குச் சொல்ல வேண்டியது ரெண்டே விஷயம். மைக்கை வாய்க்கு நேரா, நாலு விரல் தூரத்துல பிடிங்க. தலைக் கூண்டைக் கையால பொத்தாதீங்க. பொத்தினா பின்பக்கக் காதும் முன்பக்கக் காதும் ஒண்ணாகி, மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பிச்சு உடனே கூவும். புதுசா வர்றவங்க கையில மைக்கைக் கொடுக்காதீங்க, ஸ்டாண்ட்லயே விடுங்க. கை நடுங்கினாலும் காகிதத்தைப் பிடிக்க ரெண்டு கையும் இருக்கும். மைக்குல சுவிட்ச் இருந்தா ஆன்ல வச்சு டேப் ஒட்டிடுங்க, பதட்டத்துல விரல் தானா அங்கதான் போகும்.

ஃபேன்: மேடைக்கு நேர் மேல இருக்கிற ஃபேனை நிறுத்திடுங்க. காத்து மைக்குல 'புர்'ருன்னு அடிக்கும், காகிதமும் பறக்கும். மேடைக்காரங்களுக்குப் பக்கவாட்டுல ஒரு டேபிள் ஃபேன், கால் பக்கம் திருப்பி வைங்க.

கீபோர்டு வந்தா மோனோன்னு எழுதியிருக்கிற ஓட்டையில இருந்து மிக்ஸருக்கு எடுங்க. கிதார்னா நடுவுல டிஐ பாக்ஸ் (கிதார் சிக்னலை மைக் கேபிளுக்கு ஏத்த மாதிரி மாத்துற சின்னப் பெட்டி) வேணும். மொபைல்ல டிராக் போட்டா முதல்ல ஏரோபிளேன் மோடு. லேப்டாப் சேர்ந்ததும் உறுமினா சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்க, முக்கால்வாசி நேரம் அதோட நின்னுடும். எல்லாத்துக்கும் கரன்ட் ஒரே பிளக் பாயின்ட்ல இருந்து எடுத்தா இந்தத் தொல்லையே குறையும். கரன்ட் போனா இன்வெர்ட்டர்ல ஓட்டலாம். ஆனா ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் ஆம்ப்ளிஃபையர்ல 'கொர்'ருன்னு கேட்கும். சைன் வேவான்னு பார்த்துக்கோங்க.

நாடகக்கொட்டகை எழுதியது:

மேலே சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. 30 பேருக்குள் என்றால் மைக்கே இல்லாமல் நடத்தலாம். 20 அடி அகல ஹாலில் சேர்களை மேடையைச் சுற்றி அரைவட்டமாக மூன்று வரிசை போட்டால் கடைசி ஆள் 15 அடிக்குள் இருப்பார். இயல்பான குரல் போதும். கதை சொல்பவர்கள் மைக் இல்லாதபோது கையும் காலும் ஆட்டித் தாராளமாக இயங்குகிறார்கள்.

சவுண்டுசர்வீஸ் எழுதியது:

ஃபேன் ஓடாத மார்கழியில சரி அண்ணாச்சி. சித்திரையில நாலு ஃபேனும் முழு வேகத்துல சுத்தும்போது மெல்லிய குரல் உள்ளவங்க, முக்கியமா முதல் தடவை ஏறுற பிள்ளைங்க, கத்த வேண்டி வரும். கத்தினா கவிதை கவிதையா இருக்காது. மைக்கைத் தயாரா வச்சுக்கிட்டு, வேண்டாம்கிறவங்களை அது இல்லாமப் பேச விடலாம். அரைவட்டமா சேர் போடச் சொன்னீங்களே, அது ரொம்பச் சரி. நீளவாக்குல பத்து வரிசை போட்டா பின்வரிசை போனுக்குள்ள போயிடும். மேடையை 20 அடிச் சுவர்ல வைக்காம 30 அடிச் சுவர் நடுவுல வைங்க.

மணிக்கூண்டு எழுதியது:

ஏன் மூன்றாவது மாதம் நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

நம் ஊர்களில் ஒரு மேடை போட்டால் அது தானாக 'விழா' ஆகிவிடும். வரவேற்புரை, முன்னிலை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை. ஐந்து பேர் ஆளுக்கு எட்டு நிமிடம் வாழ்த்தினால் 40 நிமிடம் போய்விட்டது. காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்த பாலிடெக்னிக் மாணவிக்கு எட்டரை மணிக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும். பஸ்ஸைப் பிடிக்க அவள் முன்பே போயிருப்பாள். அடுத்த மாதம் வர மாட்டாள். வாழ்த்த வந்தவர்களும் அடுத்த மாதம் வர மாட்டார்கள். நின்றுபோவது இப்படித்தான். ஆகவே முதல் விதி: சிறப்பு விருந்தினர் இல்லை, சால்வை இல்லை, மேடையில் நாற்காலிகள் இல்லை. மேடையில் நாற்காலி கிடந்தால் யாரையாவது உட்காரவைக்க வேண்டி வரும். எம்எல்ஏ வந்தாலும் தலைமையாசிரியர் வந்தாலும் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். பேச விருப்பமென்றால் பட்டியலில் பெயர் கொடுக்கட்டும், எல்லாருக்கும் உள்ள அதே நிமிடங்கள்.

கணக்கைப் பாருங்கள். மாலை 6 முதல் 8 வரை 120 நிமிடம். தொடக்கத்தில் விதிகளைச் சொல்ல 4 நிமிடம். தேநீர் 15 நிமிடம். ஒருவருக்கு மேடையில் 6 நிமிடம், ஏற இறங்க, அறிமுகம் சொல்ல 2 நிமிடம், ஆக 8. பன்னிரண்டு பேருக்கு 96. மொத்தம் 115 நிமிடம். மீதி 5 நிமிடம்தான் உங்கள் கையிருப்பு. 13வது ஆளைச் சேர்த்தால் அதுவும் போய், எட்டு மணியைத் தாண்டிவிடும். 12 நிரம்பியதும் பட்டியலை மூடி, கோடு போட்டு, அதற்குப் பின் வருகிறவர் பெயரை அவர் கண்ணெதிரிலேயே அடுத்த மாதத் தாளில் முதலாவதாக எழுதுங்கள். இன்று இடமில்லை என்று கேட்டவருக்கு அந்தத் தாள்தான் ஆறுதல்.

பன்னிரண்டில் 8 இடம் முன்பதிவு, 4 இடம் வாசலில். அந்த நான்கையும் யாருக்காகவும் முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள். பத்து நாளுக்கு முன் பெயர் கொடுக்கும் துணிச்சல் பலருக்கு வராது, ஆறு மணிக்கு ஹாலைப் பார்த்த பிறகுதான் வரும். வாசலில் ஒரு மேசை, அட்டையில் கட்டிய தாள், நூலில் கட்டிய பேனா. பெயர், ஊர், என்ன நிகழ்த்தப் போகிறார், வீடியோ எடுக்கலாமா கூடாதா என்று நான்கு கட்டங்கள். கூடாது என்றவர் பெயருக்கு எதிரே சிவப்புப் புள்ளி. தொகுப்பாளர் அவரை அழைக்கும்போது 'போன்களை இறக்கி வையுங்கள்' என்று சொல்லிவிட்டுத்தான் பெயர் சொல்ல வேண்டும். சின்ன ஊரில் ஒரு பெண் பாடிய 30 வினாடி வீடியோ அன்றிரவே தெரு முழுக்கச் சுற்றிவிடும். இதில் ஒருமுறை தவறினால் பிறகு பெண்கள் பெயர் கொடுப்பதே நின்றுவிடும்.

வரிசை அமைப்பதில் கவனம் வேண்டும். வந்த வரிசைப்படி விடாதீர்கள். முதலில் மேடை பழகிய ஒருவர், கூட்டம் நிமிர்ந்து உட்காரும். முதல் முறை ஏறுபவர்களை 2 முதல் 5 வரை வையுங்கள். கடைசியில் வைத்தால் இரண்டு மணி நேரப் பதட்டத்தில் வந்ததையே மறந்துவிடுவார்கள். இரண்டு பாட்டு அடுத்தடுத்து வேண்டாம், இரண்டாவது பாட்டை எல்லாரும் முதலாவதோடு ஒப்பிடுவார்கள். துக்கமான கவிதைக்கு உடனே பின்னால் நகைச்சுவை வைத்தால் இரண்டும் விழும். நடுவில் ஒரு கதையோ பறையோ வையுங்கள். தேநீருக்கு முன் ஒரு வலுவான நிகழ்ச்சி, கடைசியில் இன்னொன்று. தேநீருக்குப் பின் முதலாவதாக வருபவர் பாவம், கூட்டம் திரும்ப உட்கார்ந்துகொண்டே இருக்கும். அந்த இடத்துக்கு உரத்த குரல்காரரைப் போடுங்கள்.

நேரத்தை நிறுத்துவது எப்படி? மணி அடிப்பது அவமானமாகத் தெரியும். மேடைக்கு எதிரே, கூட்டத்துக்குப் பின்னால் ஒருவர் கையில் போன் டார்ச். 5வது நிமிடம் ஒருமுறை, 6வது நிமிடம் தொடர்ந்து வெளிச்சம். அப்போதே தொகுப்பாளர் எழுந்து மேடை ஓரத்துக்கு வந்து நிற்க வேண்டும். 7வது நிமிடம் கைதட்டத் தொடங்கினால் கூட்டமும் சேர்ந்து தட்டும், மரியாதையாக முடிந்துவிடும். இதை முதல் மாதமே, ஊரில் பெரிய மனிதராக இருப்பவரிடம் செய்து காட்டுங்கள். அவருக்கு விட்டுக்கொடுத்தால் மற்றவர் யாரையும் நிறுத்த உரிமை இல்லாமல் போகும்.

தொகுப்பாளர் மூன்று பேர் வேண்டும், மாறி மாறி. ஒரே ஆள் என்றால் அவர் வீட்டில் ஒரு விசேஷம் வந்தாலே நிகழ்ச்சி ரத்து. தொகுப்பாளர் அன்று தன் கவிதையை வாசிக்கக் கூடாது. ஒவ்வொருவர் முடித்த பின்னும் விமர்சனமோ விளக்கமோ சொல்லக் கூடாது. பெயர், ஊர், இன்னது, 20 வினாடி.

நாள்: மூன்றாவது ஞாயிறு என்றால் எப்போதும் மூன்றாவது ஞாயிறு. முகூர்த்த நாளில் கூட்டம் பாதியாகும், இருந்தாலும் மாற்றாதீர்கள். 15 பேர் வந்தாலும் நடத்துங்கள். தேதி மாறினால் 'இந்த மாதம் உண்டா' என்ற கேள்வி வரும், அந்தக் கேள்வி வந்த இடத்தில் பழக்கம் அறுந்துவிடும். செண்பகவல்லி அம்மன் கோவில் பங்குனித் திருவிழா, தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு போன்றவற்றுக்கு மட்டும் வருடத் தொடக்கத்திலேயே காலண்டரில் மாற்றுத் தேதி குறித்து 12 தேதிகளையும் சேர்த்து அச்சடித்துவிடுங்கள். மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு; மாணவர்கள் வர மாட்டார்கள், அந்த இரண்டு மாதம் சுற்றுக் கிராமக் கலைஞர்களை முன்பதிவில் கூடுதலாகச் சேருங்கள்.

வாட்ஸ்அப் குழு வேண்டாம். குழுவில் சேர்ந்த எல்லாருக்கும் எல்லார் எண்ணும் தெரியும், பெண்களுக்கு நள்ளிரவில் 'கவிதை அருமை' என்று தனிச் செய்தி போகும். வாட்ஸ்அப் சேனல் தொடங்குங்கள், அதில் பின்தொடர்பவர் எண் மற்றவருக்குத் தெரியாது. அறிவிப்பு மாதம் மூன்று முறை போதும்: பத்து நாள் முன், முந்தைய நாள், முடிந்த பிறகு அடுத்த தேதி.

மனுநீதி எழுதியது:

அனுமதி, உரிமை இரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒலிமாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 என்பதுதான் அடிப்படை. அதன் 5வது விதிப்படி ஒலிபெருக்கி பயன்படுத்த உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த இடத்தில் கூடாது. அந்தக் கட்டுப்பாட்டில் மூடிய அரங்குகளுக்கு, உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படியாக இருந்தால், விலக்கு உண்டு. உங்கள் நிகழ்ச்சி எட்டு மணிக்கே முடிகிறது, ஆகவே இரவுத் தடை உங்களைத் தொடாது. அளவு: வணிகப் பகுதிக்குப் பகலில் 65 டெசிபல், குடியிருப்புப் பகுதிக்கு 55. தனியார் இடத்தின் எல்லையில் இந்த அளவை விட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக இருக்கலாம், அங்கே பகல் அளவு 50. ஜன்னல்களைச் சாத்தி, கீழே தெருவில் நின்று போனில் உள்ள ஒலி அளவி செயலியில் பாருங்கள். துல்லியமாக இராது, ஆனால் வரம்பைத் தாண்டுகிறதா என்று அறியப் போதும்.

காவல் நிலையத்துக்கு ஒரு பக்கக் கடிதம்: இடம், மாதத்தின் எந்த ஞாயிறு, நேரம், எத்தனை பேர், மூடிய ஹால், ஒரு ஸ்பீக்கர், கட்டணம் இல்லை, பொறுப்பாளர் இருவர் பெயரும் எண்ணும், ஹால் உரிமையாளர் சம்மதக் கடிதம் இணைப்பு. இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை, கடிதம் கொடுத்ததற்குச் சான்று மட்டுமே. அனுமதியை எழுத்தில் தனியாகக் கேட்டு வாங்குங்கள். 12 தேதிகளையும் ஒரே கடிதத்தில் எழுதிக் கேட்டுப் பாருங்கள், மறுத்தால் மாதா மாதம். கீழ்க் கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் இருவரிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

சினிமாப் பாட்டு: பாடல் வரிக்கும் இசைக்கும் உரிமத்தை ஐபிஆர்எஸ் என்ற அமைப்பு வழங்குகிறது. பதிவு செய்யப்பட்ட ஒலிக்கான உரிமை தனி, அதற்கு பிபிஎல் போன்ற அமைப்புகள் உண்டு. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(எல்) ஒரு விலக்குத் தருகிறது: அமெச்சூர் கழகம் அல்லது சங்கம் கட்டணமில்லாப் பார்வையாளர் முன் இலக்கிய, நாடக, இசைப் படைப்பை நிகழ்த்துவது உரிமை மீறல் ஆகாது. நீங்கள் அதற்குள் நிற்க வேண்டுமானால் கட்டணம் கூடாது. 'ஒரு காபி வாங்கினால்தான் உட்காரலாம்' என்ற கடை நிபந்தனையும் கூடாது. இந்த விலக்கு நேரில் பாடுவதற்கு. கரோக்கி டிராக் ஒலிப்பதிவு, அதை ஓடவிடுவது வேறு கணக்கு. பாடியதை யூடியூபில் ஏற்றுவதும் இந்த விலக்குக்குள் வராது. என் யோசனை: டிராக் இல்லாமல், சொந்தக் குரலும் ஒரு வாத்தியமும். இந்த விதியால் பாடுபவர்களின் தரமும் கூடும். டிக்கெட் போடும் நாள் வந்தால் உரிமம் வாங்கிவிட்டுப் போடுங்கள்.

பிறர் கவிதையை வாசிக்க விரும்புவோருக்கு: ஆசிரியர் இறந்து 60 ஆண்டு முடிந்தவை, தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியவை இரண்டும் தடையின்றி வாசிக்கலாம், பதிவேற்றலாம். கிராமத்துத் தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் யாருக்கும் தனியுரிமை இல்லாதவை. ஆனால் யாரிடமிருந்து கற்றார் என்று மேடையில் சொல்லச் சொல்லுங்கள்.

வில்லடி எழுதியது:

கிராமக் கலைஞர்களைச் சேருங்கள் என்று மணிக்கூண்டு சொன்னது ரொம்ப நல்ல யோசனை. ஆனால் 6 நிமிடமும் ஒரு ஸ்டாண்ட் மைக்கும் அவர்களுக்குப் பொருந்தாது.

வில்லுப்பாட்டு என்றால் ஐந்தாறு பேர் தரையில் உட்காருவார்கள். வில், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. 10க்கு 8 அடியாவது வேண்டும். நின்று பேசும் மேடை போதாது, ஜமுக்காளத்தில் தரையிலேயே இடம் ஒதுக்குங்கள். வாத்தியம் எதற்கும் மைக் வேண்டாம். அந்த ஹாலில் குடமும் வில்லும் தானாகவே நிறையும். முன்பாட்டுக்காரருக்கு ஒரு மைக், பின்பாட்டுக்காரர்கள் நடுவில் ஒரு மைக், இரண்டும் தாழ்ந்த ஸ்டாண்டில். வீசுகோலின் (வில்லின் நாணை அடிக்கும் கோல்) மணிச் சத்தம் மைக்கில் ஏறும், அதனால் முன்பாட்டு மைக்கை நாணுக்கு மேல் வாய்ப்பக்கம் சாய்த்து நெருக்கமாக வையுங்கள். பட்டியலில் இரண்டு இடத்தைச் சேர்த்து 14 நிமிடம் கொடுங்கள். அதிலும் முழுக் கதை வராது, எந்தக் கட்டம் என்று முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும்.

பறை: தோலைத் தீயில் காய்ச்சி ஏற்றுவார்கள். மாடி ஹாலில் முடியாது, கீழே தெருவோரம் இடம் பார்த்து வையுங்கள், காய்ச்சியதும் நேரே மேடைக்கு. மூடிய ஹாலில் இரண்டு பறைக்கு மேல் வேண்டாம், காது தாங்காது. தெரு வரை கேட்கும், மனுநீதி சொன்ன அளவு தாண்டிவிடும். தொடக்கத்தில் தெருவிலேயே இரண்டு நிமிடம் அடித்துவிட்டு மாடி ஏறுவது எல்லாவற்றையும் விட நல்ல விளம்பரம். ஆனால் அதைத் தனியாகக் கடிதத்தில் குறிப்பிட வேண்டும்.

இன்னொன்று. எழுதிப் படிக்கிறவர்களும் மாணவர்களும் வந்து பழக ஆசைப்படுகிறார்கள், அவர்களுக்கு இலவச மேடை சரி. கலையையே பிழைப்பாகக் கொண்டவரை அழைத்தால் போக்குவரத்தும் ஒரு தொகையும் முன்பே பேசிக் கொடுங்கள். 'மேடை தருகிறோமே' என்பது அவருக்குக் கூலி ஆகாது. உங்கள் 2,000 ரூபாயில் டீ 50 கப், கப் 12 ரூபாய் என்றால் 600 போகும், கடலைமிட்டாய் ஒரு 200. கோவில்பட்டியில் இருந்துகொண்டு பிஸ்கட் வாங்க வேண்டாம். மீதியில் பெரும்பகுதியை இவர்களுக்கு ஒதுக்கலாம். பற்றாக்குறைக்கு வாசலில் ஒரு உண்டியல், போன மாத வரவு செலவைச் சாக்பீஸில் எழுதிய ஒரு பலகை.

கரிசல்மண் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். ஹால் உரிமையாளர் தன்னிடம் ஒரு அகுஜா கம்பெனி ஆம்ப்ளிஃபையரும் இரண்டு காலம் (column, தூண் போல நீளமான) ஸ்பீக்கரும் இருப்பதாகவும், அதையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். ஸ்பீக்கர்கள் மேடையாக நாங்கள் நினைத்திருந்த சுவரிலேயே, இரு மூலையிலும் ஆணி அடித்து மாட்டியிருக்கின்றன. பேசுகிறவருக்கு நேர் பின்னால் வரும். முதல் மூன்று மாதம் இதை வைத்து ஓட்டலாமா? இன்னொன்று, முதல் மாதம் பட்டியல் 12 நிரம்பாவிட்டால்?

சவுண்டுசர்வீஸ் எழுதியது:

ஓட்டலாம். காலம் ஸ்பீக்கர் பேச்சுக்கு நல்லாவே இருக்கும், பேஸ் மட்டும் வராது. ஆனா பேசுறவருக்குப் பின்னால இருந்தா மைக்கோட முன்காது நேரா ஸ்பீக்கரைத்தான் பார்க்கும், நிமிஷத்துக்கு ஒரு தடவை கூவும். உரிமையாளர்கிட்டக் கேட்டு ரெண்டையும் கழட்டி, மேடைக்கு முன்னால ரெண்டு பக்கமும், கூட்டத்தைப் பார்த்து மாட்டுங்க. நான் மேலே சொன்ன மாதிரி 30 அடிச் சுவருக்கு மேடையை மாத்தினா, ஸ்பீக்கரும் தானா இடம் மாற வேண்டியதுதான்.

ஒயர் கனெக்‌ஷனைப் பார்த்துப் பண்ணுங்க. ஆம்ப்ளிஃபையர் பின்னாடி 4 ஓம், 8 ஓம், 16 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட்னு தனித்தனி முனை இருக்கும். காலம் ஸ்பீக்கர் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் இருந்தா 100 வோல்ட் முனையில போகும். வீட்டு ஸ்பீக்கரையோ, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத 8 ஓம் பெட்டியையோ அந்த முனையில மாட்டினா காயில் கருகிடும். ஸ்பீக்கர் பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு பார்த்துட்டு மாட்டுங்க. 100 வோல்ட் முனையில ஆம்ப்ளிஃபையர் ஓடும்போது கை வைக்காதீங்க, ஷாக் அடிக்கும்.

மணிக்கூண்டு எழுதியது:

பட்டியல் 7 பேரோடு நின்றாலும் நிமிடங்களைக் கூட்டாதீர்கள். 6 நிமிடம் 6 நிமிடமாகவே இருக்கட்டும். தேநீரைக் கடைசிக்குத் தள்ளி ஏழு மணிக்கு முடித்துவிடுங்கள். தேநீர் நேரத்தில் 'நானும் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன்' என்று யாராவது மெதுவாகச் சொல்வார்கள். அடுத்த மாதத் தாளையும் பேனாவையும் டீ கேனுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

மாடிப்படியில் விளக்கு எரிகிறதா, கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். எட்டயபுரம், கயத்தாறு, கழுகுமலை பக்கம் போகிறவர்களுக்குக் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு, வாசல் மேசையில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். அந்த நேரத்துக்கு முன்பாகப் போக வேண்டியவர்களை முதல் பாதியில் ஏற்றுங்கள்.